சோனி ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ1: கடிகாரம் ஓடுகிறது, ஒலி மட்டும் இல்லை

குமரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். வளைகுடாவில் பணிபுரிந்த என் தந்தையார் 1989ஆம் ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த சோனி ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ1 வானொலி இப்போது என் மேசையில் ஊமையாகக் கிடக்கிறது. ஒலிநாடாப் பேழையைவிடச் சற்றே பெரிய இந்தப் பெட்டியில்தான் அவர் இரவுதோறும் பிபிசி தமிழோசை கேட்டுவந்தார். அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றபின் பெட்டி அலமாரிக்குள் போனது. பேட்டரிகளைக் கழற்றிவிட்டுத்தான் வைத்திருந்தார் என்பதால் அவை கசிந்த தடயம் எதுவும் இல்லை.

புதிய பென்சில் பேட்டரிகள் இரண்டைப் போட்டேன். திரை தெளிவாக இருக்கிறது, கடிகாரம் ஓடுகிறது, எண்களை அழுத்தினால் அலைவெண் மாறுகிறது. ஒலியளவை முழுவதும் ஏற்றி ஒலிபெருக்கியின் மேல் காதை வைத்தால் கொசு ரீங்காரம்போல ஏதோ கேட்கிறது. இயர்போனிலும் அதே நிலைதான். இங்கே ஒரு கடையில் காட்டியபோது, மீட்டரைக் கையில் எடுக்காமலேயே "ஐசி போய்விட்டது, உதிரி கிடைக்காது" என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே இருக்கும் சிறு உலோகக் கூடுகளின் வண்ணத் தலைகளைத் திருப்புளியால் திருப்பிப் பார்க்கலாம் என்று அவர்கள் கிளம்பியபோது, வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சால்டரிங் எனக்கு ஓரளவு பழக்கம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

சிற்றலைச் செவி:

வாங்கிக்கொண்டு வந்ததுதான் நீங்கள் செய்த முதல் பழுதுபார்ப்பு. அந்த வண்ணத் தலைகள் தொழிற்சாலையில் அளவுகருவிகளை வைத்துப் பொருத்தப்பட்ட சுருள்களின் உட்கருக்கள். ஒலியே வராத பெட்டியில் அவற்றைத் திருப்புவதால் ஒலி வரப்போவதில்லை. பின்னாளில் ஒலி வந்தாலும் நிலையங்கள் வராமல் போகும், அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லும் அறிகுறி இந்த மாதிரிக்கே உரியது. 1988இல் வெளிவந்த எஸ்டபிள்யூ1இல், இடத்தைச் சுருக்குவதற்காக, போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கப்படும் மிகச் சிறிய அலுமினிய எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளை (கெப்பாசிட்டர்களை)ப் போட்டார்கள். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த அந்த வகை மின்தேக்கிகள் பல நிறுவனங்களின் கருவிகளில் கசிந்திருக்கின்றன. கையடக்க வீடியோ கேமராக்கள், கொமோடோர் அமிகா 1200 போன்ற கணினிகள் எனப் பலவும் அதே நோயால் மடிந்தன. அக்காலத்து மின்பகு திரவத்தில் சேர்க்கப்பட்ட ஒருவகை அம்மோனிய உப்பு, எதிர்முனைப் பக்கத்தில் நாளடைவில் காரமாக மாறி, அடியிலிருக்கும் ரப்பர் அடைப்பை அரித்துக்கொண்டு வெளியேறுகிறது. பெட்டியைப் பயன்படுத்தினாலும் அலமாரியில் வைத்தாலும் இது நடக்கும்.

திரையும் கடிகாரமும் வேலை செய்வதால் மூளை நலமாக இருக்கிறது. ஒலிபெருக்கும் பகுதியின் மின்தேக்கிகள் வறண்டு, குறிகை (சிக்னல்) கடக்க வழியில்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஐசி கெட்டுப்போவது அரிது. பின்மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை அடித்தால் வேறு சோதனை தேவையில்லை.

பழைய வால்வு:

தம்பிக்கு மதுரையிலிருந்து வாழ்த்துகள். நாற்பது ஆண்டுகள் வானொலி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நண்பர் சொன்னது முற்றிலும் சரி என்றாலும், முகர்ந்து பார்த்ததோடு நிறுத்திவிடாமல் இரண்டு சோதனைகளையும் செய்துவிட்டுச் சால்டரிங் கம்பியைச் சூடாக்குங்கள்.

முதலாவது, ஒலிபெருக்கியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துத் தொடுங்கள். "கர்" என்று சிறு ஒலி வந்தால் ஒலிபெருக்கி உயிரோடு இருக்கிறது. இரண்டாவது, ஒரு சிறு ஆம்பிளிஃபயரின் உள்ளீட்டுக் கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேர்த்து, வால்யூம் கன்ட்ரோலின் மேல்முனையைத் தொடுங்கள். அங்கே நிலையம் தெளிவாகக் கேட்டால் கோளாறு அதற்குப் பிறகுதான்; முன்னால் இருக்கும் எதையும் தொடத் தேவையில்லை. எந்த அறையில் விளக்கு எரியவில்லை என்று பார்க்காமல் வீடு முழுவதும் வயரிங்கைப் பிடுங்கும் பழக்கம் இந்தத் தொழிலில் அதிகம்.

குமரிக்கரை:

இருவருக்கும் நன்றி. மீன் வாடை அடிக்கிறது. என் மனைவியும் உறுதிப்படுத்தினார். ஒலிபெருக்கி ஒலித்தது. ஐயா சொன்னபடி வால்யூம் கன்ட்ரோலின் மேல்முனையைத் தொட்டபோது, எங்கள் ஊர்ப் பண்பலையும், மத்திய அலையில் 1053 கிலோஹெர்ட்ஸில் தூத்துக்குடியும் வெளி ஆம்பிளிஃபயரில் தெளிவாகக் கேட்டன. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெட்டியிலிருந்து குரல் வருவதைக் கேட்டதில் அரை மணி நேரம் வேலையே நடக்கவில்லை.

சிற்றலையில் மட்டும் ஒரு விந்தை தெரிந்தது. கீழ் அலைவெண்களில் நிலையங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 12 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை, இரைச்சல்கூட மாறவில்லை. இதுவும் அதே நோயா?

சிற்றலைச் செவி:

அதே நோய்தான், உறுப்பு வேறு. இந்தப் பெட்டி அலைவரிசையைச் சுழல் மின்தேக்கியால் பிடிப்பதில்லை. மின்னழுத்தத்திற்கு ஏற்பத் தன் கொள்ளளவை மாற்றிக்கொள்ளும் வராக்டர் டயோடுகளால் பிடிக்கிறது. மேல் அலைவெண்களுக்குப் போகப் போக அந்த டயோடுகளுக்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். இரண்டு பேட்டரிகள் தரும் 3 வோல்ட் அதற்குப் போதாது. ஆகையால், உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் மாற்றிப் பகுதி ஒன்று இருக்கிறது. அதன் மின்தேக்கிகள் கசிந்துவிட்டால் மின்னழுத்தம் ஏறாமல் பாதியில் நின்றுவிடும்; அலையியற்றியும் (ஆஸிலேட்டர்) அந்தப் பாதியைத் தாண்டி மேலே ஏறாது. சர்வீஸ் மேனுவலின் வரைபடத்தில் அந்தப் பகுதியின் வெளியீட்டில் இருக்க வேண்டிய அளவு குறிக்கப்பட்டிருக்கும். அளந்து பாருங்கள்.

ரிச்சித் தெரு வாசி:

உதிரிகள் பற்றி என் பங்கு. மேனுவலின் உதிரிப் பட்டியலைப் பார்த்து, கொள்ளளவும் மின்னழுத்தமும் உயரமும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உயரம் மிக முக்கியம், ஏனென்றால் பின்மூடிக்கும் போர்டுக்கும் இடையே அரிசி மணி நுழையும் அளவுக்குக்கூட இடமில்லை. சென்னை ரிச்சித் தெருவில் மேற்பரப்பு மின்தேக்கிகள் கிடைக்கின்றன. ஆனால் சில்லறையாக ஐந்து ஆறு கேட்டால் எல்லாக் கடையும் எடுத்துக் கொடுப்பதில்லை, சிலர் பழைய போர்டிலிருந்து பிடுங்கியதைப் புதியது என்றும் கொடுப்பார்கள். கால்களில் பழைய ஈயம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

என் பரிந்துரை, எல்லா இடத்திலும் பல அடுக்கு செராமிக் மின்தேக்கிகளைப் போட்டுவிடுவது. அவற்றில் திரவமே இல்லை என்பதால் இனி எந்தக் காலத்திலும் கசியாது.

பழைய வால்வு:

ரிச்சித் தெரு நண்பரோடு இங்கே நான் உடன்படவில்லை. கசியாது என்பது உண்மைதான். ஆனால் 100, 220 மைக்ரோஃபாரட் போன்ற பெரிய அளவுகளைச் சிறிய உருவத்தில் செராமிக்காக வாங்கினால், டிசி மின்னழுத்தம் ஏறியவுடன் அது தன் கொள்ளளவில் பாதிக்கும் மேல் இழக்கக்கூடும். பெயருக்கு 220, வேலை செய்வது 90 என்றால் ஒலியின் அடிக்கட்டு போய்விடும். தவிரவும் செராமிக் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் இயல்புடையது. ஒலிப்பகுதியின் உள்ளீட்டில் அதைப் போட்டுவிட்டுப் பெட்டியை விரலால் தட்டினால், தட்டும் ஒலி ஒலிபெருக்கியில் வரும்.

10 மைக்ரோஃபாரடும் அதற்குக் கீழும் செராமிக் போகலாம். அதற்கு மேல் டாண்டலம் போடுங்கள், 3 வோல்ட் பெட்டிக்கு 10 வோல்ட் டாண்டலம் நிம்மதியாக உழைக்கும். மாற்றிப் பகுதியில் மட்டும் ஏறும் மின்னழுத்தத்தின் இரு மடங்குக்குக் குறையாத தாங்குதிறன் வேண்டும்.

தம்பி, ஒன்றை மட்டும் சுவரில் எழுதி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அலுமினிய மின்தேக்கியில் கறுப்புப் பட்டை எதிர்முனையைக் குறிக்கும். டாண்டலத்தில் பட்டை நேர்முனையைக் குறிக்கும். பட்டை இருந்த பக்கம் பட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டவர்களின் டாண்டலங்கள் புகைந்ததை நான் பல முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை புகைந்தது என்னுடையதுதான்.

ரிச்சித் தெரு வாசி:

பெரிய அளவுகளில் செராமிக் இழக்கும் கொள்ளளவை நான் கணக்கில் கொள்ளவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டாண்டலம் கெட்டுப்போனால் பெரும்பாலும் குறுக்கிணைப்பாகிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேட்டரியில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது பெரிய ஆபத்தில்லை. அடாப்டரில் ஓட்டுகிறவர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் முனைக்குறியைப் பார்த்துவிட்டுத்தான் சொருக வேண்டும், ஏனென்றால் இப்போது கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நடுமுனை நேர்மின், பழைய சிறு கருவிகளில் அது எதிர்மின்னாக இருப்பதும் உண்டு.

வடமராட்சி நேயர்:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மின்சாரமே இல்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள் என்பதால், இவ்வகைப் பெட்டிகளின்மேல் எங்களுக்குத் தனிப் பிரியம் உண்டு. என்னிடமும் எஸ்டபிள்யூ1 ஒன்று இருக்கிறது. அதைத் திருத்தியபோது நான் செய்த பிழையைச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

பழைய மின்தேக்கியைக் குறட்டால் பிடித்து மெல்லத் திருகினால் கழன்றுவிடும் என்று எங்கோ வாசித்து அப்படியே செய்தேன். இரண்டு நன்றாகக் கழன்றன. மூன்றாவது, அடியிலிருந்த செம்புப் பட்டையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது. கசிந்த திரவம் பட்டைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள பசையை ஏற்கனவே அரித்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. வெப்பக்காற்றால் கழற்றுவதும் நல்லதல்ல. உள்ளே மீந்திருக்கும் திரவம் கொதித்துச் சிறு வெடிபோல வெடிக்கும், அந்த நாற்றம் அறையை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும்.

பிறகு நான் கைக்கொண்ட முறை இதுதான். கூரான வெட்டுக்குறட்டால் அலுமினியக் குப்பியைப் பாதி உயரத்தில் கிடையாக வெட்டி அகற்றி, உள்ளிருக்கும் சுருளையும் கறுப்பு அடித்தட்டையும் நீக்கிவிட்டால், இரு கால்கள் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு காலிலும் ஃப்ளக்ஸ் தடவிப் புதிய ஈயத்தைச் சேர்த்து உருக்கினால் காலைச் சிமிட்டாவால் தூக்கிவிடலாம். இழுக்கக் கூடாது, ஈயம் விட்ட பிறகு அதுவாக வர வேண்டும்.

சிற்றலைச் செவி:

வடமராட்சி நேயரின் முறையை நானும் வழிமொழிகிறேன். இதில் விட்டுப்போன பாதி, துடைப்பது. பலரும் புதிய மின்தேக்கியைப் போட்டவுடன் வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் பெட்டி மறுபடியும் ஊமையாகிவிடுகிறது. போர்டில் தங்கிய திரவம் மின்னைக் கடத்தும், செம்பையும் அரித்துக்கொண்டே இருக்கும். மின்தேக்கி இருந்த இடத்தில் ஈயம் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்திருந்தால் அங்கே திரவம் பரவியிருக்கிறது என்று பொருள். அந்தப் பழைய ஈயத்தை முழுவதும் உறிஞ்சுபின்னலால் எடுத்துவிடுங்கள். அந்தத் திரவம் தண்ணீரில் கரையக்கூடியது. எனவே முதலில் வாலைவடிநீரில் நனைத்த சிறு தூரிகையால் தேய்த்து, அதன் பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, ஒரு நாள் உலரவிடுங்கள். நேராக ஆல்கஹாலை ஊற்றினால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

பேட்டரி கசிவுக்குச் சொல்லப்படும் எலுமிச்சைச் சாறு, வினிகர் வைத்தியத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். ஆல்கலைன் பேட்டரி கசிந்த உலோக முனைகளுக்கு அது பொருந்தும். தலைமயிர் அகலத் தடங்கள் ஓடும் போர்டில் அமிலத்தை வைத்தால், காரம் அரித்தது போக மிச்சத்தை அது அரிக்கும்.

குமரிக்கரை:

மூன்று வாரங்களுக்குப் பிறகு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவதா, ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிப்பதா என்று தயங்கினேன். பழைய வால்வு ஐயா தனிமடலில் ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். ஆனால் போர்டை ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டினால் ஒலிபெருக்கிக் கம்பிகள் முறியும் என்று பட்டதால், ஒலிப்பகுதியை ஒரு நாளிலும் மாற்றிப் பகுதியை இன்னொரு நாளிலும் முடிப்பது என்று நடுவழியாக முடிவு செய்தேன். வெட்டி, தூக்கி, துடைத்து, டாண்டலங்களைப் பட்டை பார்த்து வைத்தேன்.

ஒலிப்பகுதியை முடித்துப் பேட்டரி போட்டபோது முன்பு கேட்ட கொசு ரீங்காரமும் போய் முழு மௌனம். அன்றிரவு சரியாக உறங்கவில்லை. மறுநாள் காலை, உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொரு மின்தேக்கியின் முனையிலிருந்தும் அது போய்ச் சேர வேண்டிய இடம் வரை மல்டிமீட்டரால் தொட்டுப் பார்த்தேன். ஒன்றில் தொடர்பு இல்லை. எதிர்முனைப் பட்டையிலிருந்து கிளம்பும் தடம், பச்சைப் பூச்சின் அடியிலேயே கறுத்து அறுந்திருந்தது. துடைத்தபோது எஞ்சியிருந்த இழையும் போயிருக்க வேண்டும். பழைய இயர்போன் கம்பியிலிருந்து ஓர் இழையை உருவி, பூச்சைச் சுரண்டி, இரு முனைகளையும் இணைத்தேன். பேட்டரி போட்டதும் தூத்துக்குடி வானொலி வீடு முழுக்கக் கேட்டது. ஒலியளவு முழுவதும் ஏற்றிய நிலையில் இருந்ததை மறந்துவிட்டேன்.

மாற்றிப் பகுதியில் அந்த அளவுக்குச் சிக்கல் இல்லை. இரண்டே மின்தேக்கிகள், அளவு மேனுவலில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டது. பெட்டி 12 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் உயிரோடு இருக்கிறது. ஆனால் இப்போது சிற்றலை முழுவதும் ஒரே இரைச்சலாக இருக்கிறது. 25 மீட்டர் அலைவரிசையில் ஒன்றிரண்டு நிலையங்கள் மட்டும் அதற்குள்ளிருந்து தலைகாட்டுகின்றன. இன்னும் எதையோ விட்டுவிட்டேனா?

பழைய வால்வு:

தடத்தைத் தேடிக் கண்டுபிடித்தீர்களே, அதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. இழைக்கம்பி நகராமல் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள், கடையில் விற்கும் பூச்சுக்கு அது குறைந்ததல்ல.

இரைச்சல் பற்றி: பெட்டியை இன்னும் திறக்காதீர்கள். முதலில் வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

வடமராட்சி நேயர்:

ஐயா சொல்வதுதான் சரி. உங்கள் தந்தையார் இந்தப் பெட்டியைக் கேட்ட காலத்தில் வீட்டில் இருந்தவை குண்டு பல்புகளும் சோக் வைத்த குழல்விளக்குகளும். இப்போதுள்ள எல்இடி விளக்குகளும் கைபேசி மின்னூட்டிகளும் உள்ளே விநாடிக்குப் பல்லாயிரம் முறை மின்னைத் துண்டித்து இணைப்பவை. அவற்றின் இரைச்சல் மின்கம்பி வழியாக ஊர் முழுக்கப் பரவுகிறது. எங்கள் பக்கத்தில் மின்வெட்டு வந்தால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள், நான் மட்டும் வானொலியோடு மொட்டைமாடிக்கு ஓடுவேன்.

இன்னொன்று. திருத்திய பெட்டியில் நீளமான வெளிக் கம்பியை ஏரியலோடு கொக்கி போட்டு மாட்ட வேண்டாம். இடி மின்னல் இல்லாத நாளிலும், காய்ந்த காற்றில் நீளக் கம்பியில் சேரும் நிலைமின்னே முதல்நிலை டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். எஸ்டபிள்யூ1எஸ் என்ற பெயரில் பெட்டியோடு விற்ற தொகுப்பில் ஏஎன்-101 என்ற ஏரியல் வந்தது. அது உங்களிடம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

குமரிக்கரை:

மெயினை அணைத்தேன். இரைச்சலில் முக்கால் பங்கு அந்த நொடியே போய்விட்டது. ஒவ்வொரு சுவிட்சாக மீண்டும் போட்டுப் பார்த்ததில் குற்றவாளி பூஜையறையில் அணையாமல் எரியும் சிறு எல்இடி விளக்கு என்று தெரிந்தது. எண்ணெய் விளக்கு ஏற்றுவதாக அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். மிச்ச இரைச்சல் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது, அதற்கு வழியில்லை. ஏஎன்-101 இல்லை, பெட்டி மட்டும்தான் வந்தது.

இனி அலைவெண் துல்லியத்தை எப்படிச் சோதிப்பது? அளவுகருவி என்னிடம் இல்லை.

சிற்றலைச் செவி:

வானத்திலேயே அளவுகருவி இருக்கிறது. சீனாவின் ஷான்சி மாநிலத்திலிருந்து பிபிஎம் என்ற நேரக் குறிகை நிலையம் 5000, 10000 கிலோஹெர்ட்ஸ்களில் அணுக்கடிகாரத் துல்லியத்தோடு ஒலிபரப்புகிறது. இரவில் 10000 கிலோஹெர்ட்ஸைத் தட்டுங்கள். விநாடிக்கு ஒரு சிறு தட்டல் கேட்கும். மணிக்கு 29ஆம், 59ஆம் நிமிடங்களில் மோர்ஸ் ஒலியும் சீன மொழியில் ஒரு பெண் குரலும் வரும். இந்தப் பெட்டி 5 கிலோஹெர்ட்ஸ் படிகளில் தாவுவது என்பதால், 10000இல் தெளிவாகவும் 9995, 10005 இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு மங்கலாகவும் கேட்டால் போதும். ஒரு பக்கம் மட்டும் தூக்கலாக இருந்தால் மட்டுமே அளவு நகர்ந்திருக்கிறது. அப்போதும் திருப்புளியை எடுப்பதற்கு முன் இங்கே எழுதுங்கள்.

குமரிக்கரை:

நேற்று இரவு 10:29க்கு மாடியில் உட்கார்ந்து கேட்டேன். மோர்ஸும் குரலும் வந்தன. இரு பக்கமும் சமமாக மங்கின. திருப்புளியை டப்பாவில் போட்டுவிட்டேன்.

அப்பாவிடம் பெட்டியைக் கொடுத்தபோது அவர் எதுவும் கேட்காமல், நினைவில் இருந்த ஓர் அலைவெண்ணைத் தட்டினார். அங்கே இரைச்சல் மட்டுமே இருந்தது. சற்று நேரம் கேட்டுவிட்டு, "இந்த நம்பரில் இப்போது யாரும் இல்லை போலிருக்கிறது" என்று சொல்லி, 1053க்கு மாற்றிக்கொண்டார்.

கடைசியாக ஒரு கேள்வி. அவர் இதைத் தினமும் கேட்கப்போகிறார். மறுபடியும் மின்னூட்டம் செய்யும் பேட்டரிகளைப் போடலாமா?

பழைய வால்வு:

போடலாம், தம்பி. இரண்டும் சேர்ந்து 2.4 வோல்ட்தான் தரும் என்பதால் பேட்டரி தீர்ந்துவிட்டதாகத் திரை சற்று முன்னதாகவே எச்சரிக்கும். ஒலியும் முழு அளவில் கொஞ்சம் கம்மும். மற்றபடி ஆல்கலைன்போல உள்ளே ஊற்றிக்கொண்டு நிற்காது. சில வாரங்கள் கேட்காமல் இருக்கப்போகிறார் என்றால் மட்டும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். அவருக்கு அதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று உங்கள் முதல் பதிவிலேயே தெரிந்தது.